இடி உட்காரும் இடம்

'டப்' என்றது.

மலைச்சரிவின் அடியில் நின்றிருந்த அவளுக்கு அந்தச் சத்தம் போதும். தம்பியின் சைக்கிள் கண்ணில் படுவதற்கு முன்பே சீட் உடைந்தது தெரிந்துவிட்டது. மூன்றாவது சீட்.

சைக்கிள் சீட் வடிவமைப்பது அவள் தொழில். சைக்கிளை உடைப்பது தம்பியின் தொழில் என்பார்கள் வீட்டில். கல், வேர், பள்ளம் எதையும் சுற்றிப்போக மாட்டான்; மேலேயே விடுவான். மலைச் சைக்கிள்காரர்கள் அவனுக்கு 'இடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட முரடர்களுக்கு, மூன்று முட்டையின் எடையைத் தாண்டாத சீட் செய்துகாட்டுகிறேன் என்று முதலாளியிடம் வாய்விட்டிருந்தாள்.

முதலாளி உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. சனிக்கிழமை கடைசியாக ஒரு தடவை பார்ப்பதாகவும், அதுவும் உடைந்தால் அவள் பழையபடி கடைத்தெருச் சைக்கிள்களுக்கு மெத்தை சீட் போடப் போகலாம் என்றும் சாந்தமாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நடுவில் கனம் கூட்டினால் எடை ஏறியது. குறைத்தால் உடைந்தது. மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. பட்டறையில் தம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"உண்மையைச் சொல்லு. இறங்கறப்ப எங்கடா உக்கார்ற?"

"சீட்லதான்க்கா. பின்ன ஹேண்டில்பார்லயா?"

"சீட்ல எங்க?"

"நடுவுல. எல்லா மனுஷனும் உக்கார்ற எடத்துல."

தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. ஆனால் உடைந்த மூன்றும் பின்பக்கமே உடைந்திருந்தன. அவள் முகப்பவுடர் டப்பாவை எடுத்துவந்தாள். கறுப்புச் சீட் முழுக்கத் தூவினாள். பட்டறைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் ஒரு இறக்கம் விட்டுவரச் சொன்னாள்.

திரும்பி வந்தான். சீட்டின் நடுவில் பவுடர் தூவியது தூவியபடி இருந்தது. பின்விளிம்பும் இடப்பக்கமும் துடைத்த மாதிரி கறுப்பு. தம்பியைத் திருப்பி நிறுத்தி, குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். கால்சட்டையின் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு. இடது தொடையில் இன்னொன்று. பார்சல் கொடுக்க வந்தவர் அதை வாசலிலேயே வைத்துவிட்டு, கையெழுத்துக்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

விஷயம் இதுதான். இறங்கும்போது பயல் உட்காரவே இல்லை. எழுந்து நின்று, தொடையால் சீட்டைத் தள்ளித்தான் சைக்கிளைத் திருப்புகிறான். தாவி விழும்போது உடம்பின் பாரம் மொத்தமும் பின்விளிம்பில் இறங்குகிறது. நடுவில் அவள் சேர்த்த கனமெல்லாம் வெட்டிச் சுமை.

நடுவில் பெரிய ஓட்டை விட்டாள். அங்கே மிச்சமானதில் பாதியைப் பின்விளிம்புக்குக் கொடுத்தாள். தராசில் முட்டைத் தட்டு கீழே போனது. சீட் மேலே எழுந்தது.

சனிக்கிழமை. இடி பாறை விளிம்பிலிருந்து தாவினான்.

'டமார்!'

ஒரே புழுதி. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது, தம்பி சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவந்தான். முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது. ஹேண்டில்பார் கோணியிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. முதலாளி எதையும் பார்க்கவில்லை. சீட்டின் பின்விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார், அழுத்தினார், தட்டிக் காது கொடுத்தார். ஒரு கீறல் இல்லை.

"இதையே நூறு போடும்மா."

அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"எனக்கு என்னாச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றான் தம்பி.

அவள் ஏற்கெனவே ஸ்பேனரோடு சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வாய் நல்லாத்தானே இருக்கு. அந்தப் பக்கம் பிடி."