கௌரிக்குப் போன கீரை

பையன் பரத்துக்கு ரத்தம் குறைவு என்று பிரேசர் டவுன் டாக்டர் சொன்னதும் ஹரிஷ்குமார் பெண்டாட்டி பக்கம் கையைக் காட்டினான். “இவதான் சமைக்கிறா டாக்டர். இவளையே கேளுங்க.” அந்த ஒரு பேச்சுக்காக உஷா அவனை இந்த ஜென்மத்தில் மன்னிப்பதாக இல்லை.

அன்றிலிருந்து ஜீவனஹள்ளி வீட்டில் சமையல் மாறியது. ராகி இட்லி, முருங்கைக்கீரை, பீட்ரூட். உப்பும் காரமும் பேருக்குத்தான். போனில் வருகிற வீடியோக்காரிகள் அப்படித்தான் சொன்னார்கள். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே மாதிரி டப்பா. சாயங்காலம் இரண்டும் வழித்துத் துடைத்த மாதிரி காலியாக வரும். ஆனால் ராத்திரி சாப்பாட்டில் மட்டும் ரணகளம். பரத் வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொள்வான். தட்டைப் பார்த்ததுமே ஹரிஷ்குமாரின் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போலாகும்.

“மத்தியானம் சாப்பிடுறவனுக்கு ராத்திரி மட்டும் என்ன கேடு?”

“ஸ்கூல்ல உன்னை மாதிரி யாரும் உருட்டி மிரட்டுறதில்ல, அதான்,” என்பான் ஹரிஷ்குமார்.

மறுபடி பரிசோதித்தபோது ரத்தம் இன்னும் இறங்கியிருந்தது. அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். உஷா அன்று வந்த இரண்டு டப்பாக்களையும் திறந்து பார்த்தாள். காலியாகிற சாப்பாடெல்லாம் எங்கேதான் போகிறது?

ஹரிஷ்குமாருக்கு பொம்மசந்திரா கம்பெனியில் காலை ஷிப்ட் விழுந்த அன்று பதில் கிடைத்தது. வழக்கமாக அவன்தான் பரத்தைப் பள்ளியில் விடுவான்; அதனால் உஷாவே ஸ்கூட்டரை எடுத்தாள். முனேஸ்வரர் கோயில் முனையில், வண்டிச் சத்தம் கேட்டதும் ஒரு பசு நடுரோட்டுக்கு வந்து மறித்து, முன்னால் தொங்கிய சாப்பாட்டுப் பைக்குள் முகத்தை நுழைத்தது. உஷா அலறினாள். பரத் அசையவில்லை.

“குடும்மா. கௌரி தினமும் இங்கதான் சாப்பிடும்.”

அவர்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் கிருஷ்ணப்பா ஓடி வந்து கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். “பயப்படாதீங்க மேடம், ஏனும் பண்ணாது. உங்க யஜமான்ரு, வீட்டுக்காரரு, டெய்லி ரெண்டு டப்பாவும் இதுக்குத்தான் குடுப்பாரு. ஒள்ளே மனுஷர், நல்லவரு. பாலுகூட ஜாஸ்தியாச்சு.”

அந்தப் பாலைக் காசு கொடுத்து வாங்கி, அதில் அவனுக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்திருக்கிறாள். உஷாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“அப்ப நீ மத்தியானம் என்னடா சாப்பிடுவே?”

“அப்பா பேக்கரில தேங்காய் பன் வாங்கி டப்பால வச்சுத் தருவாரு. பசுவுக்குக் கீரை குடுத்தா புண்ணியமாம்.”

ராத்திரி இரண்டு தட்டுகளை ணங்கென்று வைத்தாள்.

“மாட்டுக்குத்தானே போட்டேன், குப்பையிலயா போட்டேன்?” என்றான் ஹரிஷ்குமார்.

“டாக்டர்கிட்ட என்னைக் காட்டிக் குடுத்தீங்களே, அந்த வாயால இதையும் சொல்லியிருக்கலாமே. உக்காருங்க. புள்ள உங்க மூஞ்சியத்தான் பாக்குது. சுளிக்காம சாப்பிடுங்க.”

“இதை மனுஷன் தின்பானா?”

“உங்களுக்கு மாடுதான் தேவலை. கேக்காமலே தின்னுது.”

அவன் கீரைச் சோற்றை உருட்டி வாயில் போட்டு அவளை முறைத்தபடியே மென்றான். பரத் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அம்மா, உனக்குத் தட்டு?”

“நான் அப்புறம் சாப்பிடறேன்.”

“அப்புறம் நீ தயிர்சாதமும் ஊறுகாயும்தானே சாப்பிடுவே. இதை நீ சாப்பிட்டதே இல்ல.”

ஹரிஷ்குமார் மெல்லுவதை நிறுத்தினான். அவன் வாயோரத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு அதை அறைந்து அழிக்கவேண்டும் போலிருந்தது. ஒரு தட்டை எடுத்துவந்து உட்கார்ந்து கீரைச் சோற்றை வாயில் வைத்தாள்.

சப்பென்று இருந்தது. உப்பில்லை, உறைப்பில்லை. நாக்கு அதை வெளியே தள்ளப் பார்த்தது. இரண்டு பேர் பார்க்கிறார்களே என்று விழுங்கினாள்.

“எப்படி இருக்கு?” என்றான் ஹரிஷ்குமார்.

அவள் எழுந்து போய் உப்பு ஜாடியையும், அரிசி டிரம்முக்குப் பின்னால் தனக்கென்று வைத்திருந்த மாங்காய் ஊறுகாய் பாட்டிலையும் கொண்டுவந்து மூவருக்கும் நடுவில் வைத்தாள்.

“நாளைக்கு டாக்டர்கிட்ட நீங்களும் வர்றீங்க. கௌரி கதையை நீங்களே சொல்றீங்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு உப்பைப் போட்டுப் பிசைந்தான். பரத் ஊறுகாயைத் தொட்டு, ஒரு வாய் கீரைச் சோற்றை உள்ளே தள்ளினான். துப்பவில்லை.