வார்தியாவின் வெள்ளைச் சுவர்

ஓடையின் எதிர்க்கரையில் தாசாதித்தின் வீட்டடியில், கரை அரிக்காமலிருக்கக் கல் நிரப்பி அடுக்கும் கம்பிக்கூண்டுகள் ஏற ஏற, வார்தியாவுக்கு வயிறு எரிந்தது. ஊரே திரண்டு கூலியில்லாமல் கல் நிரப்பிக்கொண்டிருந்தது. பெண்கள் அவர்களுக்குக் குஸ்குஸ் ரவைச்சோற்றுத் தட்டுகளைச் சுமந்து போனார்கள். ஒரே குடும்பத்தில் வார்தியா மூத்த மருமகள், தாசாதித் இளையவள். ஊர் திரள்வது என்னவோ எப்போதும் இளையவள் வீட்டுக்குத்தான்.

நகராட்சி இன்ஜினீயர் மொக்ரானை வழிமறித்தாள்.

"ஏன் தம்பி, எங்க கரை கண்ணுக்குத் தெரியலையா?"

"ஓடை இங்க வளையுதும்மா. வெளிவளைவுல தண்ணி வேகமா மோதி மண்ணை அரிக்கும். அவங்க கொல்லை பாதி போயிடுச்சு. உங்களுது உள்வளைவு, தண்ணி மெதுவாத்தான் போகும். வெள்ளம் வந்தா உங்க தோட்டத்துல பரவி வடிஞ்சிடும். அப்படியே விட்டுடுங்க."

"அவளுக்குச் சுவர், எனக்குச் சேறா!"

அந்த வாரமே கொத்தனாரை வைத்து, தோட்டத்து ஓரம் நெடுக சிமெண்டுச் சுவர் எழுப்பி வெள்ளையடித்தாள்.

"என்னக்கா, கல்யாண மண்டபமா?" என்று அக்கரையிலிருந்து தாசாதித் கத்தினாள்.

"உன் கோழிக்கூண்டுக்கு இது எவ்வளவோ மேல்டி!"

கூண்டுதான். ஆனால் சூட்சுமமே அந்தக் கல்லிடுக்குகளில்தான் இருந்தது. மோதும் வெள்ளம் அவற்றில் புகுந்து வேகம் குறையும். கரைக்குப் பின்னால் ஊறும் மழைநீர் அவற்றின் வழியே கசிந்து வெளியேறும்.

இலையுதிர்காலத்தின் முதல் மழையில் ஓடை பொங்கியது. வெள்ளைச் சுவர் ஒரு சொட்டையும் உள்ளே விடவில்லை. தாசாதித் பார்க்கிறாளா என்று வார்தியா சமையலறை ஜன்னலில் நின்றாள். அப்போது பாதம் சில்லிட்டது. மேல்தெரு மழைநீர் காலங்காலமாக அவள் தோட்டம் வழியேதான் ஓடைக்கு இறங்கும். இப்போது சுவர் அதை மறித்து, சமையலறைக்குள் திருப்பியிருந்தது.

மதியத்துக்குள் ஓடை இறங்கிவிட்டது. தோட்டத்துத் தண்ணீர் இறங்கவில்லை. சுவர் மெல்ல வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியது.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடப்பாரையோடு பாலம் தாண்டி வந்தாள் தாசாதித்.

"தண்ணி போக ஒரு ஓட்டைகூட விடலையாக்கா?"

"அசிங்கமா இருக்கும்னு..."

தாசாதித் வெடித்துச் சிரித்தாள். "சரி, இடிக்கட்டுமா?"

வார்தியா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ரவை மூட்டையின் அடி நனைந்துகொண்டிருந்தது.

"நல்லா கீழ இடி," என்றாள் கடைசியில்.

நாலைந்து குத்தில் சுவரில் ஓட்டை விழுந்தது. செம்மண் தண்ணீர் பீறிட்டு ஓடைக்குப் பாய்ந்தது. சமையலறைத் தரை மெல்லத் தெரிந்தது. வார்தியாவின் கண் கடப்பாரையிலேயே இருந்தது. புதுசு, நல்ல கனம். வார்தியாவினுடையதோ வளைந்துபோனது.

"இதை எங்கடி வாங்கின?" என்றாள்.