பத்துக்கு ரெண்டு

வலியில்லாத இரண்டு நாளின் விலை ஆறாயிரம் ரூபாய். மூட்டு மாற்றிய பிறகு தொடைக்குள் நூல்போல ஒரு குழாயை விட்டு, அந்தக் காலின் நரம்பை மட்டும் மரக்கச் செய்கிற மருந்துக்குத்தான் அவ்வளவு. குழித்துறைச் சந்தையில் முப்பது வருடம் வாழைக்குலை வாங்கி விற்ற முத்துநாயகம் மயக்க டாக்டரிடமே பேரம் பேசிப் பார்த்தவர். "ஐயாயிரத்துல முடியுங்க டாக்டரே, அடுத்த காலும் உங்களுக்குத்தானே." டாக்டர் சிரித்தாரே தவிர இறங்கவில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை நர்ஸ் ஜெமி அட்டையோடு வந்தாள்.

"மாமா, வலிக்கு ஒரு நம்பர் சொல்லுங்க. ஒண்ணுமில்லேன்னா பூஜ்யம், தாங்கவே முடியல்லன்னா பத்து."

வாங்குகிறவன் எடுத்த எடுப்பிலேயே மனதிலுள்ள விலையைச் சொன்னால் அவன் வியாபாரியா? நம்பர் ஏறினால் மருந்து ஏறும், மருந்து ஏறினால் பில் ஏறும். "ரெண்டு" என்றார். மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. பத்து மணிக்கும் ரெண்டு. பன்னிரண்டுக்கு, "கூடிப்போனா ரெண்டரை."

ரெண்டரைக்கு யாரும் மருந்தைக் கூட்டுவதில்லை. மதியம் பிசியோ சுயம்புராஜ் வந்து முழங்காலை மடக்கப் பார்த்ததும் அவர் போட்ட அலறலில் வார்டே திரும்பியது.

"ரெண்டரைக்கா இந்த சத்தம்? இந்த வாரம் மடக்கல்லேன்னா மூட்டு இறுகிப் போவும் மாமா. பெறவு காலம் முழுக்க கம்பு ஊணித்தான் நடக்கணும்."

"நாளைக்குப் பாப்போம் மக்கா."

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தேவகனி எழுந்தாள். எழும்போது கை தானாக இடுப்பைப் பிடித்தது. "ஏ ஜெமி, இவரு நூறு ரூவாய்க்கு ஒரு குலையக் கேட்டா மனசுல நானூறு இருக்கும். நாலால பெருக்கி எழுது பிள்ளே."

"ஏட்டி, சும்ம இரி."

"வலி என்ன நேந்திரங்குலையா, கொறைச்சுக் கேக்கதுக்கு?"

ஜெமிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "மாமா, மருந்தக் கூட்டினா பைசா கூடாது. எல்லாம் அந்த ஆறாயிரத்துலயே சேந்ததுதான்."

"அத மொதல்லயே சொல்லப்பிடாதா?" முத்துநாயகம் சுவரைப் பார்த்தார். உள்ள விலையைச் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு கொஞ்சம் தயங்கியது. "எட்டு."

மருந்து கூடியது. நாலு மணிக்கு மூட்டு மடங்கியது. வலி மூன்று, கலப்படமில்லாத மூன்று.

தேவகனி ஃபிளாஸ்கை எடுக்கக் குனிந்தாள். கை மறுபடி இடுப்புக்குப் போனது. சுமட்டுக்காரர் வராத நாளிலெல்லாம் லாரியிலிருந்து குலை இறக்கியது அந்த இடுப்புதான்; அது வலிக்கத் தொடங்கிப் பதினோரு வருஷம்.

"ஏட்டி, ஒனக்க இடுப்பு பத்துக்கு எவ்வளவு?"

அவள் டீயை ஊற்றி முடித்தாள். "ரெண்டு."

முத்துநாயகம் ஜெமியிடம் பேனா வாங்கி, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினார். ரெண்டு, நாலால் பெருக்கினால் எட்டு. பக்கத்தில், பதினோரு வருஷம். நடுவில் கோடு கிழித்து எதிர்ப்பக்கம் அவளுக்கு வரவு என்று எழுதினார். அதற்குக் கீழே பேனா ஒரு புள்ளி வைத்து நின்றது. மை ஊறி ஊறிப் புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது.