பச்சைப் புள்ளி இல்லாத படம்

எங்கள் கம்பெனியில் பச்சைப் புள்ளி வைத்த சரக்கு வெளியே போகும். சிவப்பில் பெருக்கல் குறி போட்டால் ஸ்கிராப். பெயிண்ட் அடிக்கிற பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிற எனக்கு இது தெரியாதா? தெரிந்தும் என் ஓவியத்தைச் சரக்கு காய்கிற ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான்கடி இரும்புத் தகடு. மிஞ்சிய பெயிண்டில் ஏழு மாதம் வரைந்தது. அதில் ஆளில்லை, மரமில்லை. கீழே செம்மண் நிறம். இந்த ஷெட் வருவதற்கு முன் என் அம்மா இங்கே கூலிக்குக் களை எடுத்த கேழ்வரகுக் கொல்லை அது. அதை அழுத்திக்கொண்டு சாம்பல் வட்டங்கள். போன வருடம் வரை பிரேக் டிரம் செய்த நாங்கள் இப்போது எந்த நாட்டுச் சண்டைக்கோ பீரங்கிக் குண்டுக்கான கூடுகளைக் கடைகிறோம்; அந்த வட்டங்கள் அவைதான். பெங்களூர்க் கண்காட்சி ஒன்றுக்கு என் படம் தேர்வாகியிருந்தது. பத்து மணிக்கு வேன் வரும். மேனேஜரிடம் கெஞ்சி கேட் பாஸும் வாங்கியிருந்தேன்.

டீ குடித்துத் திரும்பினால் படத்தின் நட்டநடுவில் சிவப்புப் பெருக்கல்.

"ஏம்பா மணிவேலு, இன்னா பண்ணி வச்சிருக்க?"

தரம் பார்க்கும் மணிவேல் பிரஷ்ஷோடு நின்றான். "நம்பர் இல்ல, டேக் இல்ல. கலர் வேற திட்டு திட்டா இருந்துச்சு. பெயிண்ட் சரியா புடிக்கலன்னு நெனச்சிட்டேன்க்கா."

"அது படம்பா."

தலையைச் சாய்த்துப் பார்த்தான். "இதுல படம் எங்க இருக்குதுக்கா?"

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தின்னர் போட்டுத் துடைத்தேன். அடியிலிருந்த செம்மண்ணும் சேர்ந்து வந்தது. துடைப்பதை விட்டுவிட்டு அப்படியே கேட்டுக்குத் தூக்கிப் போனேன்.

"சிவப்பு போட்டது ஸ்கிராப் லாரியிலதான் போவணும், மாதேஸ்வரி" என்றார் செக்யூரிட்டி சென்னகிருஷ்ணன்.

"பாஸ் இருக்குதுண்ணா."

"பாஸ் இருக்குது. சிவப்பும் இருக்குதே."

மணிவேல் ஓடிவந்து, தப்பு தன்னுடையது என்றான். "போட்ட சிவப்ப அழிக்கக் கூடாதுன்னு நீதானப்பா எல்லாருக்கும் சொல்ற" என்றார் அவர். மேனேஜர் போனை எடுக்கவில்லை. வேன்காரர் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு ஓசூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

பின்னால் ஹாரன் அடித்தது. தகட்டோடு ஓரம் ஒதுங்கினேன். சென்னகிருஷ்ணன் கேட்டை முழுதாகத் திறந்துவிட்டார். நானூறு குண்டுக் கூடுகள், ஒவ்வொன்றிலும் பச்சைப் புள்ளியோடு, லாரியில் வெளியே போயின. அத்தனைக்கும் பெயிண்ட் அடித்தவள் நான்தான்.