ராஜம்மாவின் கேள்விக்கு மேல்நிலைச் சீனம்

தம்போய்ச் சந்தையில் ராஜம்மா மீன் வாங்கப் போனால் மீன்காரர் சீனத்தில்தான் ஆரம்பிப்பார். மழை, மகன் கல்யாணம், முழங்கால் வலி எல்லாம் சொல்லி முடித்து அவர் மூச்சு வாங்கும்போது, "அண்ணே, நான் தமிழுங்க" என்பார் ராஜம்மா. மறுவாரம் அவர் முழங்காலிலிருந்து மறுபடி தொடங்குவார். ராஜம்மாவின் முகம் அப்படி. ஒரு தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தபோது வெளிநாட்டுக்காரர்கள் ராஜம்மாவையே படமெடுத்துத் தள்ள, முருகன் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கணவர் காளிதாஸ் இன்றுவரை சத்தியம் செய்கிறார்.

ராஜம்மா பிறந்தது ரெங்கத்தில், ஒரு சீனக் குடும்பத்தில். சீனப் பஞ்சாங்கத்தின் புலி வருஷத்துப் பெண் குழந்தை வீட்டுக்கு ஆகாது என்று, பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழ்த் தம்பதியிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படி நிறையக் குழந்தைகள். காது குத்தி, பெயர் வைத்து, ஆசையாகத்தான் வளர்த்தார்கள். கல்யாணத்துக்கு முதல்நாள்தான் வளர்த்த தாய் விஷயத்தைச் சொன்னார். பெற்றவள் ரெங்கத்தில்தான் இருக்கிறாள். மூத்த மகன் ஆ செங் இரும்புக்கடை வைத்திருக்கிறான்.

அன்றிலிருந்து ராஜம்மாவிடம் ஒரு கேள்வி இருந்தது. என்னை ஒரு நாளாவது நினைத்தீர்களா?

"காருல ஒரு மணி நேரம். போய் மலாய்ல கேட்டுட்டு வந்துருவோமே" என்றார் காளிதாஸ்.

"மலாய்ல மீன் வெல கேக்கலாம். இதக் கேக்க முடியுமா?"

மகள் லோஷினி பிறந்ததும் சீனப்பள்ளியில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு போக ஓர் ஆள் தயாராக வேண்டும்.

பள்ளி முழுவதும் லோஷினிக்கு இது தெரியும். மற்ற பிள்ளைகள் மதிப்பெண்ணுக்குப் படித்தார்கள். அவள் ஒரு வாக்கியத்துக்காகப் படித்தாள். தொடக்கப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிந்ததும், போகலாமா என்று அம்மா கேட்டார். "இன்னும் கொழகொழன்னு வருதும்மா" என்றாள். இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் முடிந்து கேட்டபோது, "பெரியவங்ககிட்ட பேசுற மாதிரி இன்னும் வரல" என்றாள். அம்மாவும் ஒவ்வொரு முறையும் சரி என்றார். சரி என்று சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போவதை லோஷினி கவனித்திருக்கிறாள். பயம் இரண்டு பேருக்கும் இருந்தது. இலக்கணத்தின் மேல் பழி போடுவது வசதியாக இருந்தது.

பிறகு பல்கலைக்கழகத்தில் சீனமொழிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தாள். அதுவும் அடிப்படையிலிருந்து இல்லை, நேராக மேல்நிலைப் பிரிவு. கட்டுரைத் தேர்வு ஒன்று. பேராசிரியர்கள் முன்னால் வாய்மொழித் தேர்வு ஒன்று. வீடு அல்லோலகல்லோலப்பட்டது. காலையில் அவள் சீன நாளிதழை உரக்க வாசித்த வாசிப்பில் பக்கத்து வீட்டுச் சீனர் பத்திரிகை வாங்குவதையே நிறுத்திவிட்டார். மாலையில் ராஜம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி போட்டு எதிரில் உட்கார வைப்பாள். அவர்தான் பேராசிரியர். ஒரு சொல்லும் புரியாமல் அவர் தலையாட்டுகிற ஆட்டில் லோஷினி பாதியில் பதிலை மறந்துவிடுவாள்.

"உங்கம்மா மூஞ்சியப் பாத்தா பாஸ் போட மாட்டாங்க போலயே" என்பார் காளிதாஸ்.

சீனப் புத்தாண்டு வந்தது. சீனர் வீட்டுக்குப் போனால் கொடுக்கும் ஆரஞ்சுப் பழப் பெட்டி ஒன்றை ராஜம்மா வாங்கி வந்து மேசையில் வைத்தார்.

"பாப்பா, இந்த வருசம் போயிருவோமா? அவங்களுக்கும் வயசாயிருச்சு."

"டெஸ்ட் முடியட்டும்மா. அட்வான்ஸ்ல எடம் கெடச்சிட்டா என் சீனம் சரின்னு அர்த்தம். ஒரு தடவதான் கேக்கப் போறோம். திக்கக் கூடாதுல்ல?"

"அதுவும் சரிதான்" என்றார் ராஜம்மா. ஆரஞ்சை அவர்களே சாப்பிட்டார்கள்.

இடம் கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினார்கள். தங்காக் ஜவுளிக்கடையில் எடுத்த பட்டுச்சேலையை ராஜம்மா கட்டிக்கொண்டார். "மகளுக்குக் காது குத்துக்குச் சீர் கொண்டு வராத தாய்மாமன். இன்னைக்கு வட்டியோட கேட்டுருவேன்" என்று காளிதாஸ் வழியெல்லாம் சிரிப்புக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை என்பதால் ரெங்கம் எல்லையில் நிறுத்திக்கொண்டார்.

இரும்புக்கடையில் நின்றவரைப் பார்த்து லோஷினிக்குச் சந்தேகமே எழவில்லை. ராஜம்மாவுக்குக் கால்சட்டை மாட்டி நிறுத்தினால் ஆ செங். அவரும் சேலையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

லோஷினி வாயைத் திறந்தாள். பிறகுதான் அவர் சட்டைக் கையில் ஊசி குத்தி வைத்திருந்த சின்னக் கறுப்புத் துணியைக் கண்டாள். பெற்றவர் இறந்தால் பிள்ளைகள் குத்திக்கொள்வது. எத்தனையோ வருஷமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை விட்டுவிட்டாள்.

"எப்போது?" என்று மட்டும் சீனத்தில் கேட்டாள்.

"போன மாதம்."

அம்மாவிடம் திரும்பினாள். "அம்மா... போன மாசம்..."

ராஜம்மாவும் அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்றார். ஆணி மூட்டைப் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆ செங் தேநீர் ஊற்றினார். "உன் சீனம் செய்தி வாசிப்பவர் பேசுவதுபோல இருக்கிறது. யாருக்காக இவ்வளவு படித்தாய்?"

"உங்கள் அம்மாவிடம் பேசுவதற்கு, மாமா."

அவர் ஒரு கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "அம்மாவுக்கு இந்தச் சீனம் பாதிதான் புரியும். எங்கள் வீட்டில் பேசுவது ஹக்கா, சீனத்திலேயே வேறு கிளைமொழி. அதைவிட்டால் அவர் நன்றாகப் பேசியது தமிழ்தான்."

எடுத்த கிண்ணத்தை லோஷினி கீழே வைத்தாள்.

"தோட்டம் தோட்டமாகக் காய்கறி விற்றவர் ஆயிற்றே" என்றார் ஆ செங். "தமிழ் மறந்துவிடக் கூடாது என்று வயதான பிறகு கடைக்கு எந்தத் தமிழர் வந்தாலும் உட்கார வைத்துப் பேசுவார். ஆணி வாங்க வந்தவர் சாயங்காலம்தான் வீடு போவார். கொடுத்த பிள்ளையிடம் உறவைச் சொல்லி நாமாக வாய் திறக்கக் கூடாது என்று சாமி முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார். அவளாக ஒருநாள் தேடி வருவாள், வந்தால் தமிழ்தான் பேசுவாள் என்பார்."

"என்னா சொல்றாரு?" என்றார் ராஜம்மா.

எந்தப் பேராசிரியரும் இவ்வளவு கடினமாகக் கேட்கவில்லை. லோஷினி ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது அம்மாவின் கண்களைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"தமிழ்ல எப்படிப் பேசுவாங்களாம்? அதக் கேளு."

கேட்டாள். ஆ செங் வெட்கப்பட்டார். சின்ன வயதில் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போய்க் கேட்டது ஒன்றுதான் அவருக்கு நினைவிருந்தது. வாயில் கைகுவித்து, ராகம் போட்டு, தமிழில் கூவினார்:

"காயி... காயேய்... கத்திரிக்கா, வெண்டிக்கா, பயித்தங்கா..."

அங்கே நின்றுவிட்டது. நெற்றியைத் தட்டிப் பார்த்தார். மீதி வரவில்லை.

"வாடுறதுக்குள்ள வந்துருங்க" என்றார் ராஜம்மா.

அதே ராகம்.

காளிதாஸ் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். "எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்கு வரும், அந்தக் காய்க்காரம்மா" என்று ராஜம்மா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "நான் ஓடி வந்து சைக்கிளப் புடிச்சிக்குவேன். பிஞ்சு வெள்ளரிக்கா ஒன்னு எனக்குன்னு தனியா வச்சிருக்கும். எஞ்சடையப் பிரிச்சுப் பிரிச்சுத் திரும்பப் பின்னிவிடும். எங்கம்மா கூட ஏசும், அவளுக்கு வேற வேல இல்லயான்னு."

"என்ன சொல்கிறார்?" என்று ஆ செங் லோஷினியைக் கேட்டார்.

மேல்நிலைப் பிரிவில் இடம் கிடைத்தவள் வாயைத் திறந்தாள். உதடுதான் அசைந்தது.

ராஜம்மா அவள் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். அண்ணன் பக்கம் திரும்பி, மலாயில், மீன் விலை கேட்கும் அந்த மலாயில், தானே சொன்னார்.

"நான் அம்மாவைப் பார்த்திருக்கிறேன்."