பிளக் இல்லாமல் ஓடிய பதினொன்று

பிளக்கைப் பிடுங்கிப் பதினைந்து வருஷமாகியும் அந்தக் கம்பெனியின் பதினோராம் எண் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பிடுங்கியவள் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண். மாடி முழுக்க அவளுக்குச் சர்வரம்மா என்று பெயர். கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளை, உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் காட்டாமல் விற்றே, கம்பெனி ஏழு மாடி எழுப்பியிருந்தது. அதே வேலையைச் செய்யும் வேறொரு மென்பொருளை முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று இலவசமாகவே கொடுத்தார்கள். கம்பெனித் தலைவர் அதைத் தொற்றுநோய் என்றார். அது இருக்கிற மெஷினையெல்லாம் அணைக்கச் சொல்லி ஒரு திங்கட்கிழமை உத்தரவு வந்தது. இருந்தது ஒன்றுதான், சர்வரம்மா சோதனைக்கு வைத்திருந்த பதினொன்று. பிடுங்கிய பிறகும் அதன் விசிறி சுற்றியது. எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்ட் சுத்தமா இல்லம்மா, எங்க வேலை முடிஞ்சுது" என்று போய்விட்டார். அவள் அதை அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிச் சால்வையைப் போர்த்தினாள்.

வீட்டில்தான் தாங்க முடியவில்லை. அந்த ஆயிரக்கணக்கானோரில் அவளுடைய தம்பியும் ஒருவன். "நான் எழுதினதை நோய்ங்கறாங்க. நீ அங்கேயே சம்பளம் வாங்கிட்டிரு" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன், ஒன்பது வருஷம் அவள் வீட்டுப் படி ஏறவில்லை. அவளும் வீம்புக்குக் குறைந்தவள் இல்லை, போன் செய்யவில்லை. ஆனால் அவன் எழுதி வெளியிடும் திருத்தங்களை ஒன்று விடாமல் எடுத்துப் பதினொன்றில் ஏற்றினாள். ஒரு திருத்தத்தின் அடியில், 'பாப்பா தூங்கவே விடலை, தப்பிருந்தா சொல்லுங்க' என்று குறிப்பு இருந்தது. தான் அத்தையாகிவிட்டது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. அன்று மாடி முழுக்க மிட்டாய் கொடுத்தாள், காரணம் சொல்லவில்லை.

தலைவர் ஓய்வு பெற்றுப் புதியவர் வந்த வாரம், கம்பெனியின் இருநூறு சர்வர்களும் வரிசையாகப் படுத்துவிட்டன. வேலை போனால் போகட்டும் என்று சர்வரம்மா மொத்தச் சுமையையும் பதினொன்றின் தலையில் கட்டினாள். அது மூச்சுக்கூட வாங்கவில்லை. புதிய தலைவர் ஓடிவந்து, தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தார்.

"எப்படிம்மா ஓடுது?"

"தெரியல சார். நீங்க தடை பண்ணின சாமான்தான்."

"இது முழுசாப் புரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"என் தம்பி. ஆனா அவன் என்கிட்ட பேசறதில்ல."

"என்கிட்ட பேசுவாரா?"

அவரே நேரில் போனார். கம்பெனியும் தன் மென்பொருளை எல்லோருக்கும் திறந்து கொடுத்தால் வருகிறேன் என்றான் தம்பி. கொடுத்தார்கள். முதல் நாள் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சர்வர் அறைக்கு வந்தவன், அக்காவைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மறந்து, "இவதான் அன்னிக்குத் தூங்க விடாதவ" என்றான். "தெரியும்டா" என்று சர்வரம்மா குழந்தையை வாங்கிக்கொண்டாள். அழுததை ஏசி குளிர் என்று சமாளித்தாள்.

அந்த வருஷமே மற்ற மெஷின்களிலும் அதே மென்பொருளை ஏற்றினார்கள். அவையும் ஒவ்வொன்றாகக் கரண்ட் கேட்பதை நிறுத்திக்கொண்டன. சுவரில் காலியாகிப்போன சாக்கெட்டுகளில் இப்போது எல்லோரும் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்கிறார்கள்.