திரும்பி வராத பற்கள்

1

இந்தக் கதை எனக்கு இலவச இணைப்பாக வந்தது. கடைவாய்ப்பல் ஒன்று உடைந்தது. அண்ணி வேறு பல் செய்து கொடுத்தார். பல்லோடு கதையும் வந்தது.

அண்ணி பல் மருத்துவர் இல்லை. மருத்துவர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அதைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்து திருப்பி அனுப்ப ஒரு பட்டறை உண்டு. லேப் என்பார்கள். அங்கே அண்ணி பதினாறு வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்து பல் செய்தார். நான்கு மாதங்களுக்கு முன்பு அவரை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். தகராறு அங்கிருந்துதான்.

"இதை எழுதேன் தம்பி. புதுசா மேனேஜர் ஆனவங்க யாராவது படிச்சா உருப்படுவாங்க."

"உங்க பேரைப் போடலாமா?"

"போட்டுப் பாரு. அடுத்த பல்லுக்கு என்கிட்ட வந்துடாதே."

ஆகவே இதில் பெயர்கள் இல்லை. எனக்கு இன்னும் மூன்று பற்கள் ஆடுகின்றன.

2

முதல் தொடக்கம்: "காலை வெயில் சன்னல் வழியே பீங்கான் தூளின்மேல் விழுந்து" —

விட்டேன். லேப்பில் நேர் வெயிலை உள்ளே விடுவதில்லை. பல்லின் நிறம் ஏமாற்றும்.

இரண்டாம் தொடக்கம்: "அதிகாரம் என்பது ஒரு" —

விட்டேன். ஐந்து பேரை மேய்க்கும் வேலை. அதற்கு அந்தச் சொல் கொஞ்சம் தொளதொளப்பு.

மூன்றாம் தொடக்கம்: முதலாளி அண்ணியைக் கூப்பிட்டார். "இனிமே நீ பல்லு செய்ய வேண்டாம்" என்றார். வேலை போய்விட்டது என்று அண்ணி நினைத்தார். கைப்பையை எடுக்கவும் போய்விட்டார். பிறகுதான் தெரிந்தது, அது பதவி உயர்வு.

இதை வைத்துக்கொள்கிறேன். அண்ணி சொன்னது இப்படியேதான்.

3

புது மேஜை. பெரியது. அதன்மேல் செய்வதற்கு எதுவும் இல்லை. முதல் நாள் அண்ணி அதை மூன்று முறை துடைத்தார்.

நேற்றுவரை "ஏ, அந்த பிரஷ்ஷை வீசு" என்றவர்கள் இன்று அண்ணியைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார்கள். பக்கத்து மேஜைத் தோழி ஒருத்திதான் வாயை மூடவில்லை. "என்னடி, சும்மா உக்காரச் சம்பளம் குடுக்கறாங்களாமே, எனக்கும் ஒரு சீட்டு பாரேன்."

லேப்பின் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். முடிந்த பற்கள் மதியம் ஒன்றரைக்கு மேற்பார்வையாளரின் தட்டுக்கு வரும். இரண்டரைக்கு டெலிவரிக்காரர் வருவார். நடுவில் உள்ள ஒரு மணி நேரம் மற்றவர்களுக்குச் சாப்பாடு. மேற்பார்வையாளர் பற்களைப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் செய்தவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். செய்தவர் திருத்த வேண்டும். அதன் பிறகும் மருத்துவரிடமிருந்து திரும்பி வருபவற்றுக்கு ஒரு சிவப்புத் தட்டு.

முதல் நாளே ஒரு கடைவாய்ப்பல்லில் பள்ளத்துக்கு ஆழம் போதவில்லை. கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னால் அவர் முகம் தொங்கும். சாப்பாட்டைப் பாதியில் விட்டு வருவார். திருத்த நாற்பது நிமிடம் எடுப்பார். அண்ணி செய்தால் நான்கு நிமிடம்.

அண்ணி செய்தார். கைக்கு ஆனந்தமாக இருந்தது.

"நாலு நிமிஷம்தானே தம்பி."

மறுநாள் இரண்டு பற்கள். அடுத்த வாரம் எல்லாப் பற்களும். அண்ணியின் டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் வீடு திரும்பியது. "டயட்டா?" என்று அண்ணன் கேட்டான்.*

சிவப்புத் தட்டு காலியாகவே இருந்தது. முதலாளி அதில் பேனாக்களைப் போட்டுவைத்தார்.

* அண்ணன் இந்தக் கதையில் இவ்வளவுதான். நிஜத்திலும் ஏறக்குறைய அப்படித்தான்.

4

இப்போது எனக்குச் சந்தேகம் தரும் ஒரு பாத்திரம். லேப்பில் எல்லோரும் அவரைக் கேக் என்கிறார்கள்.

நாற்பத்து நான்கு வயது. இரண்டு மகள்கள். பன்னிரண்டு வருடம் பேக்கரியில் கேக் சுட்டு, அதன்மேல் கிரீம் பூவும் பிறந்தநாள் பெயரும் போட்டவர். முழுநாளும் நின்று செய்யும் வேலை. முழங்கால் போயிற்று. உட்கார்ந்து செய்யும் வேலை தேடி லேப்புக்கு வந்தார். அண்ணி மேற்பார்வையாளர் ஆன அதே வாரம்.

இதை வாசகர் நம்புவாரா? நான் அவரைத் தையல்காரராக மாற்றிப் பார்த்தேன். அண்ணி வரைவைப் படித்துவிட்டு முறைத்தார்.

"தையல்காரர்னா கதையே போச்சு தம்பி. அவர் கேக் செஞ்சவர். அதுதான் பிரச்சினையே."

விஷயம் இது. பீங்கான் தூளைத் தண்ணீரில் குழைத்து, பிரஷ்ஷால் அடுக்கடுக்காகப் பல்லைக் கட்டிச் சூளையில் வைப்பார்கள். அது வெந்ததும் சுருங்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே பெரிதாகக் கட்ட வேண்டும். கேக் உப்பும். பன்னிரண்டு வருடம் உப்புவதற்கு இடம் விட்டுப் பழகிய கை, பல்லையும் அப்படியே கட்டியது.

கேக்கின் பற்கள் அழகாக இருந்தன. சின்னதாக இருந்தன.

அண்ணி ஓரங்களில் பீங்கான் மாவு சேர்த்து மறுபடி சூளையில் வைத்தார். தினமும். கேக் சாப்பிட்டுவிட்டு வரும்போது பல் டெலிவரிப் பைக்குள் போயிருக்கும். ஆகவே சுருங்குகிறது என்ற சேதி அவருடைய கைக்குப் போய்ச் சேரவே இல்லை.

(இங்கே நிர்வாகம் பற்றி ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே இருந்தது. நீக்கினேன்.)

5

செவ்வாய்க்கிழமை ஒரு பல் மருத்துவர் போன் செய்தார். பெண் மருத்துவர். பழைய வாடிக்கை.

"ஏங்க, உங்க லேப்ல எத்தனை பேர் வேலை பாக்கறீங்க?"

"அஞ்சு பேர் டாக்டர்."

"நிஜமாவா? இந்த மாசம் எட்டு பேருக்குப் பல்லு மாட்டினேன். எட்டு பேரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்காங்க. ஒருத்தர் ரிட்டயர் ஆன தாத்தா, ஒருத்தி காலேஜ் பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே பல்லு!"

மருத்துவர் சிரித்தார். புகார் சொல்வது போலவும் இல்லை. அண்ணி தட்டைப் பார்த்தார். ஐந்து பேரின் வேலை. தட்டு முழுக்க ஒரே கை.

போனை வைத்ததும் முதலாளி வந்தார்.

"கேக் சேந்து நாலு மாசம் ஆச்சு. வெள்ளிக்கிழமை ஒரு வரி எழுதிக் குடு. வெச்சுக்கலாமா, அனுப்பிடலாமா."

அண்ணி மேஜையைத் துடைத்தார்.

"என்ன யோசனை? ஒண்ணுகூடத் திரும்பலையே. புதுசா திறக்கற கிளைக்கு அவரைத் தனியாவே அனுப்பிடலாம்னு இருக்கேன்."

தனியாக. அங்கே ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினால் ஒரே வாரத்தில் அந்தக் கிளையின் சிவப்புத் தட்டு நிரம்பும். வேலையை விட்டு அனுப்பலாம் என்று எழுதினால் காரணம் கேட்பார்கள். கேக்குக்கு வேலை தெரியுமா? அண்ணிக்கே தெரியவில்லை. அது தெரிவதற்கான வழி எல்லாவற்றையும் நான்கு மாதமாக அண்ணியே தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்.

6

புதன்கிழமை கேக் வந்து மேஜை முன்னால் நின்றார். கையில் பிரஷ்.

"மேடம், ஒரு நிமிஷம். பழைய பேக்கரியில திரும்பக் கூப்பிடறாங்க. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"போறீங்களா அண்ணே?"

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டா? அஞ்சு நிமிஷம் நின்னாலே அது என்னைத் திட்டுது. ஆனா இங்க நிரந்தரம் இல்லைன்னா போய்த்தானே ஆகணும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. என் வேலை நல்லாருக்குன்னா இப்பவே போன் போட்டு வரலைன்னு சொல்லிடறேன்."

அண்ணி பேனாவை மூடினார். திறந்தார்.

"ஒண்ணுகூடத் திரும்பி வரலையே மேடம்" என்றார் கேக். கொஞ்சம் வெட்கத்தோடு. "வீட்ல பொண்ணுங்ககிட்ட ஒரே அலட்டல்தான். அப்பா கை பட்ட பல்லு திரும்பாதுன்னு."

"நாளைக்குச் சொல்றேன் அண்ணே."

வேறென்ன சொல்வது? நானும் ஏழெட்டு வசனங்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாம் பொய்யாக இருந்தன. "நாளைக்குச் சொல்றேன்" ஒன்றுதான் பொய் இல்லை. பதிலும் இல்லை.

7

வியாழக்கிழமை. மேல்வரிசை முன்பல் ஒன்று. ஒரு பள்ளி ஆசிரியைக்கு. ஒற்றை முன்பல்தான் இந்தத் தொழிலில் கடினம். பக்கத்திலேயே நிஜப் பல் நின்று காட்டிக்கொடுக்கும். அண்ணி அந்த வேலையை வேண்டுமென்றே கேக்கிடம் கொடுத்தார்.

ஒன்றரைக்குப் பல் தட்டுக்கு வந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அண்ணி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"அப்படியேவா அண்ணி?"

"அப்படியேதான். இல்லேன்னா அதுங்க கேக்காது."

இரண்டு மணிக்கு எழுந்து போய் கேக்கைக் கூப்பிட்டார். அவர் வாயில் சோற்றோடு வந்தார். அவர் பற்களைத் தானே திருத்தி வந்ததை அண்ணி சொல்லிவிட்டார்.

என் இரண்டாம் வரைவில் கேக் புன்னகைத்தார். "தெரியும் மேடம். என் கை எனக்குத் தெரியாதா?" என்றார். எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. அண்ணி படித்தார். தாளைக் கீழே வைத்தார்.

"அவருக்குத் தெரியாது தம்பி."

"கதைக்கு இது நல்லா" —

"அவருக்குத் தெரியாது. நீ என்ன பண்ணியிருக்க தெரியுமா? அவர் முகம் தொங்கறதைப் பாக்க உனக்குத் தெம்பு இல்ல. அதான் நீயே அவருக்கு ஒரு நல்ல வசனம் செஞ்சு குடுத்துட்ட. படிச்சுப் பாரு, இதுல முதலாளி, டாக்டர், நான், எல்லாருமே உன்ன மாதிரியே பேசறோம்."

மருத்துவரின் போன் எனக்கும் வந்துவிட்டது.

ஆகவே நடந்தது மட்டும்.

"எத்தனை பல்லு மேடம்?"

"எல்லாம்."

"எல்லாமுமா?"

"நாலு மாசமும்."

கேக் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். அதற்கு நேரமாயிற்று. கண் தட்டுக்குப் போனது.

"அப்ப இது?"

"இதைத் தொடலை."

"எப்படியிருக்கு?"

அண்ணி நான்கு மாதமாக மேற்பார்வையாளர். இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வது இதுதான் முதல் முறை.

"நிறம் அபாரம் அண்ணே. எனக்கே இப்படி வராது. நீளம் கம்மி."

"எவ்வளவு?"

"நகத்துல வெள்ளையா ஒரு ஓரம் இருக்குல்ல. அதுல பாதி."

"ஏன்?"

"சூளையில சுருங்கும். அதையும் சேத்துப் பெருசா கட்டணும். கேக் மாதிரி இல்லை."

கேக் பல்லை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தார்.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா இந்நேரம் கத்துக்கிட்டிருப்பேனே மேடம்."

"ஆமா அண்ணே."

"நான் பொண்ணுங்ககிட்ட வேற சொல்லித் தொலைச்சேன்."

என்னிடம் சொல்லும்போது அண்ணி இந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

8

மணி இரண்டு பத்து. மாவு சேர்க்க ஐந்து நிமிடம். சூளைக்குப் பதினைந்து. கை பழகியவருக்குத்தான் இந்தக் கணக்கு. ஆசிரியை நாலு மணிக்கு மருத்துவமனை நாற்காலியில் உட்காருவார். டெலிவரிக்காரர் காத்திருக்கும் ரகம் இல்லை. முதலாளி கேட்ட ஒரு வரிக்கான தாள் மேஜையில் காலியாக இருக்கிறது.

கேக் பிரஷ்ஷை எடுத்தார். அண்ணியைப் பார்த்தார்.

"நீங்க பண்றீங்களா மேடம், நான் பண்ணட்டா?"

இங்கிருந்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. கேக் செய்கிறார். பல் கச்சிதம். ஆசிரியை கண்ணாடியில் சிரிக்கிறார். அண்ணி தாளில் எழுதுகிறார்: வைத்துக்கொள்ளலாம். (எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே நம்பிக்கை இல்லை.)

ஆ. கேக் செய்கிறார். மாவை அதிகமாகச் சேர்த்துவிடுகிறார். பல் பெருத்துவிடுகிறது. முதலாளி சிவப்புத் தட்டிலிருந்து பேனாக்களை எடுக்கிறார். சனிக்கிழமை கேக் பேக்கரிக்குப் போன் செய்கிறார். நிற்கப் போகிறார்.

இ. அண்ணி செய்கிறார். இருபதே நிமிடம். எல்லோருக்கும் நிம்மதி. வெள்ளிக்கிழமையும் அண்ணியே செய்கிறார்.

அன்று என்ன நடந்தது என்று அண்ணி எனக்குச் சொன்னார். சனிக்கிழமை கேக் யாருக்குப் போன் செய்தார் என்பதும் தெரியும். எழுதியும் பார்த்தேன், நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் மெருகேறியது. ஐந்தாம் முறை பேனாவை எடுத்தபோது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அப்படி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது. யாரும் இதைச் சொல்வதில்லை.

எனவே முடிவு உங்கள் வேலை. பிரஷ் கேக்கின் கையில். கேள்வி அண்ணியிடம். நாற்பது நிமிடமாக அண்ணியின் கைகள் சும்மா இருக்கின்றன, அவர் வாழ்க்கையிலேயே அதிக நேரம். அவர் வாயைத் திறக்கிறார்.

எழுதுங்கள். உங்கள் பாணியில், உங்கள் அவசரத்தில். கோணலாக வந்தால் கோணலாக இருக்கட்டும். நான் திருத்த மாட்டேன். பார்க்கக்கூட மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கேக்கின் பதிலை எழுதும்போது மறக்காமல் அவரை

[இல்லை. நீங்களே எழுதுங்கள்.]